நாம் வாக்களிக்காத தலைவருக்காக ஜெபிப்பது குறித்து

அன்புள்ள சகோதரருக்கு ஸ்தோத்திரம். நீங்கள் எதிர்த்து வாக்களித்தவரே வெற்றி பெற்றுவிட்டதால், சபை ஜெபத்தில் அவர் பெயர் வரும்போது 'ஆமென்' சொல்ல நா எழவில்லை என்று எழுதியிருந்தீர்கள்; அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் 'ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும்' ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2:2, நமக்குப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று பிரிக்கவில்லை. மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரமோ பிற்பாடு கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ரோமப் பேரரசன் நீரோவின் ஆட்சிக்காலத்தில் எழுதப்பட்டது.

ஜெபிப்பது அந்தத் தலைவருடைய கொள்கைகளுக்குச் சம்மதம் தெரிவிப்பதாகாது. தாவீது ராஜாவின் அரண்மனைக்கே சென்று, முகத்துக்கு நேராக 'நீயே அந்த மனுஷன்' என்று அவருடைய பாவத்தைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தான், அவரை ராஜாவாக மதிப்பதை நிறுத்திவிடவில்லை. ஆகவே உங்கள் தலைவர் எடுக்கவிருக்கும் ஒரு முடிவைக் குறிப்பிட்டு, அதற்கான ஞானத்தை மட்டும் இந்த வாரம் கேளுங்கள். அவர் தவறினால், அதே மரியாதையுடன் அவருக்குக் கடிதம் எழுதுங்கள்.