‘ரெட் டிராகன்’ என்று விற்ற மீன் எது?

கொளத்தூர் கடை ஒன்றில் ‘ரெட் டிராகன்’ என்று சொல்லி விற்ற மூன்று அங்குல மீனின் படத்தை அனுப்பியிருக்கிறார் பெரம்பூர் வாசகி ஒருவர். வாங்கி வந்த வாரமே தொட்டியில் இருந்த நியான் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அடுத்து கப்பிகள். “இது என்ன மீன், எவ்வளவு பெரிதாக வளரும், பேசாமல் ரெட்டேரியில் விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள் அம்மா. ரெட்டேரியில் மட்டுமல்ல, எந்த ஏரியிலும், குளத்திலும், கோயில் தெப்பத்திலும் விடக் கூடாது. காரணம் பிறகு வருகிறது.

உங்கள் வீட்டில் இருப்பது விரால் குடும்பத்து மீன். ரெட் ஸ்னேக்ஹெட் என்றும் ஜயன்ட் ஸ்னேக்ஹெட் என்றும் வியாபாரத்தில் சொல்வார்கள். அறிவியல் பெயர் சன்னா மைக்ரோபெல்டிஸ். தாய்லாந்து, மலேசியா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. மீனை நேர் பக்கவாட்டில் படம் எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடிகிறது. தலையில் தொடங்கி வால் வரை போகும் இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவே பளிச்சென்ற ஆரஞ்சுப் பட்டை, சிவந்த வால். முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால் பக்கம் வரை ஒரே நீளமாக ஓடுகிறது. தலையின் மேற்பகுதி தட்டை. சந்தேகம் இருந்தால் கால் மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். விரால் இனம் எல்லாமே அப்படித்தான் மூச்சு விடும்.

ஊர் ஏரியில் பிடித்த சாதாரண விரால் குஞ்சையும் ‘ரெட்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். விரால் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக மிதப்பதை மழைக்காலத்தில் நம் ஊர்க் குளங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடம்பில் இந்த இரட்டைக் கறுப்புக் கோடு கிடையாது. வளர வளர அந்தச் சிவப்பும் போய்விடும்.

இனி அளவு. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் இது. நன்றாகத் தின்றால் ஓராண்டுக்குள் ஓர் அடியைத் தாண்டும். உங்கள் மூன்றடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இருக்காது. கடைக்காரர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்: “தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்மா.” இதைவிடப் பெரிய பொய் இந்தத் தொழிலில் இல்லை. சின்னத் தொட்டியில் கழிவு தேங்கி, தண்ணீர் கெட்டு, மீன் நோஞ்சானாகிச் சாகும். அந்த நோஞ்சான் உடம்பைத்தான் ‘ஏத்த மாதிரி’ என்கிறார்கள். அடுத்த வார்த்தை, “பெருசானா நாங்களே திருப்பி எடுத்துக்குறோம்.” எடுப்பதில்லை. ஓர் அடி மீனை வைக்க அவர்களிடமும் தொட்டி இல்லை. பிறகு, “இதுக்கு வாரம் ஒரு கவர் கப்பி போடுங்க.” அந்தக் கப்பிகள் நெருக்கியடித்து வளர்ந்தவை. வெள்ளைப் புள்ளி நோயும் புழுக்களும் அவற்றோடு இலவசமாக வரும். உங்களிடம் ஒரு மீனை விற்று, வாராவாரம் தீனியும் விற்பதுதான் அங்கே கணக்கு.

பெயர் மாற்றி விற்பது இந்த மீனோடு நிற்பதில்லை. ‘பாக்கு’ (pacu) என்ற வெளிநாட்டு மீனின் வட்டமான குஞ்சைப் பிரானா என்கிறார்கள். கெளுத்தி வகையான பங்காசியஸை ஷார்க் என்கிறார்கள். குச்சி மாதிரி நீண்ட அலகோடு ‘அலிகேட்டர் கார்’ என்ற மீனின் குஞ்சு வரும், அது ஆளைவிட நீளமாக வளரும் ஜாதி. கடையைவிட மோசம் வாட்ஸ்ஆப் புரோக்கர்கள். படம் ஒன்று, பஸ் பார்சலில் வரும் மீன் வேறு. கேட்டால் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் இதே இரட்டைக் கோட்டோடு ஒரு விரால் இருக்கிறது, சன்னா டிப்லோகிராமா. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, கொச்சி ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த சின்னக் குஞ்சு ஒன்றை வைத்து 1865-இல் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு அதுவும் மைக்ரோபெல்டிஸும் ஒன்றே என்று அவரே சொல்லிவிட, வெகு காலம் அப்படியே கிடந்தது. 2011-இல்தான் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுத் தனி இனம் என்று நிறுவினார்கள். குஞ்சில் இரண்டையும் படத்தை வைத்துப் பிரிப்பது கடினம். வளர்ந்த மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோட்டுச் செதில்களை எண்ண வேண்டும்: மைக்ரோபெல்டிஸில் 82 முதல் 95, டிப்லோகிராமாவில் 103 முதல் 105. பொடிப்பொடிச் செதில்கள், வீட்டில் உங்களால் எண்ண முடியாது. ஆனாலும் இது முக்கியம். அழியும் ஆபத்தில் இருக்கும் மீன் அந்தக் கேரள விரால். காட்டாற்றில் பிடித்து வண்ண மீன் வியாபாரத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் மீன் கேரள லோடில் வந்திருந்தால், நான் மேலே சொன்ன பெயரும் தாயகமும் மாறிவிடும். கடைக்காரரிடம் எங்கிருந்து வந்த மீன் என்று கேட்டுப் பாருங்கள். “பாம்பே லோடு” என்பார், வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் தயாரித்த இடம், எடை, உரிம எண் எல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உயிரோடு ஒரு மீனைப் பாலித்தீன் கவரில் கட்டித் தரும்போது அதன் பெயரை எழுதித் தருவாரில்லை. 2017-இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விதிகளில் குறை இருந்தால் திருத்தியிருக்கலாமே! பெயர்ச் சீட்டு ஒட்டுவதற்குக்கூடவா இத்தனை வருடம்? ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்தார்கள், இன்றும் அது வளர்க்கப்படுகிறது. டேங்க் கிளீனர் என்று வாங்கி வீசப்பட்ட மீன், இன்று சென்னை ஏரிகளில் வலை போடுபவர்களின் வலையைக் கிழிக்கிறது. உங்கள் மீனை ஏரியில் விட வேண்டாம் என்பது இதற்காகத்தான். காற்றைச் சுவாசிப்பதால் அழுக்குத் தண்ணீரிலும் அது பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக ஓடும்போது அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

வாங்கிய கடைக்கே உடனே கொண்டுபோங்கள். மூன்று அங்குலத்தில் இருக்கும்போது பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள், ஓர் அடியானால் தொட மாட்டார்கள். மறுத்தால், பெரிய சிமென்ட் தொட்டி வைத்து விரால் இனங்களையே வளர்ப்பவர்களிடம் கொடுங்கள். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கேயும் நேரில் போய்க் கேட்கலாம்.

அதுவரை மீதிக் கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மூடி மேல் பாரம் வையுங்கள், இந்த மீன் குதிக்கும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும், காற்று எடுக்க முடியாவிட்டால் மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். உரித்த இறாலைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். பச்சை நெத்திலியை மட்டும் தொடர்ந்து போடாதீர்கள், வைட்டமின் பி1 குறைந்து மீன் துவண்டுவிடும். கடைக்கு எடுத்துப் போகும்போதும் கவரில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் இருக்க வேண்டும், மீதி காற்று. இரட்டைக் கவராகப் போட்டு, மூடி உள்ள வாளிக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.