காதுக்குள் நாடித்துடிப்பு: கட்டியை எடுக்காமல் விடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. ஒரு வருடமாக வலது காதில் நாடியோடு சேர்ந்து ‘தப், தப்’ என்று சத்தம். குரலும் விழுங்குவதும் நன்றாகவே இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. பார்த்ததில் குளோமஸ் ஜுகுலாரே கட்டி, 2.2 செ.மீ. ஒரு மருத்துவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் காமா நைஃப் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை போதும் என்கிறார். கட்டியை எடுக்காமல் எப்படிக் குணமாகும்?

பதில்: இது அரிதான கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. மெதுவாக வளரும். பிரச்சினை அது உட்கார்ந்திருக்கும் இடம்தான். மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய சிரை மண்டையோட்டின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. விழுங்க, பேச, தோளைத் தூக்க உதவும் நரம்புகளுக்கும் அதே துளைதான் வழி. கட்டி முழுக்க ரத்தக்குழாய்கள், எம்.ஆர்.ஐ.யில் உப்பும் மிளகும் தூவியதுபோல் தெரியும். அம்மாவுக்குக் கேட்பது அந்த ரத்த ஓட்டத்தின் சத்தம்.

ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிடலாம். ஆனால் அந்த நரம்புகளில் ஒன்று அடிபட்டால் தண்ணீர் குடித்தாலே புரையேறும், குரல் கம்மும். இளவயதில் உடம்பு பழகிக்கொள்ளும். அறுபதுக்கு மேல் அது கஷ்டம். கட்டி 3 செ.மீ.க்குள் இருந்து, மூளைத்தண்டை அழுத்தாமலும் இருந்தால், நான் காமா நைஃப் பக்கம்தான் சாய்வேன்.

காமா நைஃபில் பெயரில்தான் கத்தி, வெட்டுவதில்லை. தலையில் நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். மரத்துப்போக ஊசி போடுவதால் வலி குறைவு. முதல் சில நிமிடம் மட்டும் தலையை இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். அப்புறம் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் (இப்போதைய கருவிகளில் 192) கட்டியில் மட்டும் ஒன்றுகூடும். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனம், சேரும் இடத்தில்தான் வலு. பொதுவாக ஒரே நாளில் முடிந்துவிடும். முடி கொட்டும் என்ற பயம் வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. கட்டி மறையாது. வளர்ச்சி நிற்பதைத்தான் இங்கே வெற்றி என்கிறோம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தால் ‘வேலை செய்யவில்லையே’ என்று பதறாதீர்கள். முதலில் லேசாக வீங்கவும் கூடும். காதுச் சத்தம் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். கேட்கும் திறன் குறையவும் வாய்ப்புண்டு. அதனால் முன்பே ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) எடுத்துவையுங்கள்.

எந்தச் சிகிச்சையானாலும் முன்னதாக மெட்டாநெஃப்ரின் என்ற ஹார்மோன் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இவ்வகைக் கட்டிகளில் சில, ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும். பரம்பரையாக வருவதும் உண்டு. மரபணுச் சோதனை பற்றியும் விசாரியுங்கள், அது உங்களுக்கும் தேவைப்படலாம். காது வழியாகச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், ரத்தம் கொட்டும்.

இப்போதைய எம்.ஆர்.ஐ. சிடியைப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து எடுக்கும் ஸ்கேனையும் இதோடுதான் ஒப்பிடுவார்கள்.