சிங்கப்பூர்க் கடைவீடு கேள்வி-பதில்: பாதுகாப்புப் பட்டியலில் புதிதாகச் சேரும் வரிசைகள்

எங்கள் வரிசையில் எட்டு கடைவீடுகள். பக்கத்துத் தெரு வரை, பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்பு வட்டாரம் வந்துவிட்டது. எங்களையும் சேர்க்க யாருக்கு எழுதுவது? கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். இது வாக்கெடுப்பு இல்லை, கையெழுத்துக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் உரிமையாளர்களை ஆணையம் கலந்து பேசும், அதனால் அவர்களிடம் முதலில் நீங்களே பேசிவிடுங்கள். கடிதத்தோடு எட்டு வீட்டின் கதவு எண்களும், முகப்பு, பின்சந்து, கூரை மூன்றின் படங்களும் போகட்டும். கட்டிய காலத்துக்குச் சான்று வேண்டும். 1884 முதலான கட்டட வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, தெருப் பெயரை வைத்துத் தேடலாம். பழைய கதவு எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் ஒரு வீடு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தாலும் நேரில் பார்க்க வருபவருக்குத் தெரியும்.

பட்டியலில் சேர்ந்தால் 99 ஆண்டுக் குத்தகை நீளுமா?

நீளாது.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் உயரமாகக் கட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

நண்பரின் கடைவீடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காப்பாற்ற வேண்டும். எமரல்ட் ஹில், பிளேர் பிளெய்ன் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் பின்புறம் நீட்டலாம், ஆனால் அது முதன்மைக் கூரைக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். ஜூ சியாட், ஜாலான் புசார் போன்ற இரண்டாம் நிலைக் குடியிருப்புகளில்தான் பின்னால் உயர்ந்த புதுக்கட்டடம் எழுப்ப இடமுண்டு, அதுவும் அந்த இடத்துக்கு அனுமதித்த உயரம் வரை. அங்கும் முன்கட்டடத்தில் கூரை, மாடி, பொதுச்சுவர் எல்லாம் நிற்க வேண்டும். முகப்பு என்பது முகமூடி இல்லை.

பாதுகாப்பு அறிவிப்பு வருவதற்குள் சுவரைச் சரிசெய்துவிடலாம் என்கிறார் கட்டட ஒப்பந்தக்காரர். கீழே ஒரு மீட்டர் உயரத்துக்கு ஈரம், பெயிண்ட் உரிகிறது. சிமெண்டு பூசி, மேலே டைல்ஸ் ஒட்டித் தருவாராம்.

இந்தக் கடிதம் ஆளை மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்புக்கு முன் முந்திக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்கள், நல்ல சுவரைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய கடைவீட்டுச் செங்கல் சுண்ணாம்பில் கட்டியது. அடியில் ஈரத்தடுப்பு இருக்காது. மண்ணின் ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளியே வரும். உப்பு பூத்து, செங்கல்லின் முகமே மாவாக உதிரும். மாடி உத்திரத்தின் முனை அந்த ஈரச் சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவும் உளுக்கும். டைல்ஸ் ஒட்டினால் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா? அஞ்சடியின் (கடைமுன் கூரையுள்ள நடைபாதை) தரையை உயர்த்தியதில் தண்ணீர் சுவர்ப் பக்கம் திரும்புகிறதா? அதைச் சரிசெய்த பிறகு, அறிவிப்பு வந்துவிட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு, சிமெண்டுப் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை உளியால் உரியுங்கள். இயந்திரம் வேண்டாம், செங்கல் உடையும். செங்கல் இணைப்புகளை 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, சில வாரங்கள் காய விடுங்கள். பிறகு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் பூசாமல், ஒவ்வொரு பூச்சும் இறுகிய பின் அடுத்தது. வெயில் நேராகப் பட்டால் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது காற்றோடும் கனிமப் பெயிண்ட். “சீக்கிரம் இறுக ஒரு கை சிமெண்டு” என்று கொத்தனார் கேட்டால் ஒரு கைகூட வேண்டாம்.

ஏர்கான் வெளிப்பெட்டியை முகப்பில் வைக்கலாமா?

கூடாது, பின்புறத்தில் வையுங்கள். அஞ்சடியிலும் கூடாது.

சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கிடைத்த தகுதிதான் எங்கள் வரிசைக்கும் கிடைக்குமா?

இல்லை. அது 1978இல் அறிவிக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னம். அதற்குத் தனிச் சட்டம், அதைப் பார்த்துக்கொள்வது தேசிய மரபுடைமைக் கழகம். உங்களுடையது நகரின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தின் கீழ் வரும் பாதுகாப்பு வட்டாரம். 1989இல் பத்து வட்டாரங்களும் மூவாயிரத்துச் சொச்சம் கட்டடங்களுமாகத் தொடங்கியது, இன்று ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது.

என் வீடு பட்டியலில் இருக்கிறதா? லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம்.

தேக்கா பக்கம் எத்தனை வீடுகள் இருக்கின்றன தெரியுமா? ஆணையத்தின் இணையத்தளத்தில் தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டுப் பாருங்கள். இங்கு எழுதுவதானால் அந்த இரண்டையும் எழுதுங்கள்.

எங்கள் கடைவீடு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. தெரியாமல் மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டுவிட்டோம்.

அனுமதியில்லாத வேலைக்கு அபராதம் இரண்டு லட்சம் வெள்ளி வரை, ஓராண்டு வரை சிறையும் உண்டு. சொல்லி அனுப்பும் வரை காத்திருக்காமல் நீங்களே ஆணையத்துக்கு எழுதுங்கள். அதைவிட அவசரமானது: ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுப் பழைய சன்னல்கள் எங்கே என்று கேளுங்கள். குப்பை லாரியில் ஏறாமல் இருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கி, எது எந்தச் சன்னல் இடத்துக்கு என்று சாக்கட்டியால் எண் போட்டு, படம் எடுத்து வையுங்கள்.