ஐந்து சுற்று, அப்புறம் மூன்றில் ஒரு சுற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிப்-ஹாப் பற்றிய குறிப்பில், ஆட்டத்துக்கு இசைத்தட்டு போடும் டிஜேக்களையும் கலைஞர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாடியவர் வேறு, வாசித்தவர் வேறு. இவர் தட்டைப் போடுகிறார், அவ்வளவுதானே? எங்கள் ஊர் மைக்செட்காரரும் அதைத்தான் செய்தார். என் மகன் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கிவந்து என் அப்பாவின் இசைத்தட்டுகளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கோபம் வருகிறது. என்னதான் செய்கிறான் என்று தெரிந்துகொள்ளவும் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மைக்செட்காரர் என்றது பாதி சரி. ஹிப்-ஹாப்பைத் தொடங்கிவைத்த டிஜே என்று சொல்லப்படும் கூல் ஹெர்க், அதாவது கிளைவ் கேம்பல், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்தவர். ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கித் தெருவில் ஆட்டம் நடத்தும் கிங்ஸ்டன் சவுண்ட் சிஸ்டம்காரர்கள்தான் அவருக்கு முன்னோடிகள். எந்தப் பாட்டு என்று போட்டிக்காரர்களுக்குத் தெரியக்கூடாதென்று தட்டின் லேபிளை ஊறவைத்து உரித்துவிடும் தந்திரமும் அங்கிருந்து வந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520 எண் குடியிருப்பின் பொது அறையில் அவர் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் ஹெர்க் தட்டுப் போட்டார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50.

பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி டிரம்ஸ் தனித்து நிற்கும் சில நொடிகளை பிரேக் என்பார்கள். ஆடுகிறவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் ஊசியை பிரேக்கின் தொடக்கத்தில் இறக்கினார். ஆனால் கண்ணளவில் இறக்கிய ஊசி தாளத்தில் விழாது. ஆடுகிற கால் ஒரு கணம் தடுமாறும்.

இதைச் சரிசெய்தவர் ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படோஸில் பிறந்தவர், பிராங்க்ஸ் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். அவர் ஊசியைத் தூக்கவில்லை. ஊசி பள்ளத்திலேயே இருக்க, தட்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றினார். தட்டின் முகத்தில் விரல் படக்கூடாது என்பது உங்கள் அப்பா உட்பட இசைத்தட்டு வைத்திருந்த எல்லோருக்கும் சட்டம். அதைத்தான் மீறினார்.

எவ்வளவு சுழற்றுவது? இங்கேதான் கணக்கு. எல்பி எனும் பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆக ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 தாள அடி விழும் பாட்டில் நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தம் 2.4 நொடி. நாலு ஆவர்த்தம் 9.6 நொடி, அதாவது 5⅓ சுற்று. ஃபிளாஷ் லேபிளின் மேல் கிரேயானால் கடிகார முள் போல ஒரு கோடு போட்டார். பிரேக் தொடங்கும்போது கோடு 12 மணியில் இருந்தால், நாலு ஆவர்த்தம் முடியும்போது 4 மணியில் இருக்கும். ஐந்து முழுச் சுற்று பின்னால் போய், இன்னும் மூன்றில் ஒரு சுற்று. அந்தப் பக்கத்துத் தட்டு ஓடுகிற 9.6 நொடிக்குள் சுழற்றி, ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்து, விரலால் பிடித்து நிறுத்தி, முதல் அடியில் விடவேண்டும். உடனே அடுத்த தட்டுக்கு இதே வேலை. பாட்டின் வேகம் மாறினால் கணக்கும் மாறும்.

அடுத்த சிக்கல் டர்ன்டேபிளோடு வரும் ரப்பர் விரிப்பு. அது தட்டைக் கவ்விப் பிடிப்பதால், தட்டை நிறுத்தினால் கீழே சுழலும் வட்டும் நின்றுவிடும். கையை விட்டதும் வேகம் பிடிக்கும் வரை சுருதி இழுபடும். ஃபிளாஷ் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, துவளாமல் இருக்கக் கஞ்சி போட்டு விரித்தார். தட்டு நின்றாலும் வட்டு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், கையை எடுத்த கணமே பாட்டு முழு வேகத்தில் கிளம்பும். இன்று கடையில் ஸ்லிப்மேட் என்று விற்பது இதுதான்.

1981இல் மூன்று டர்ன்டேபிள்களை வைத்து, டேப்பை வெட்டி ஒட்டாமல், கையாலேயே ஏழு நிமிடம் கோத்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் த வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற பதிவை ஃபிளாஷ் வெளியிட்டார். அதைக் கேளுங்கள். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முயன்றால் வேலை புரியும்.

'வாசித்தவர் வேறு' என்ற உங்கள் வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு, வேறொரு காரணத்துக்காக. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 1970 வெளியீடான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் ஏறத்தாழ இருபது நொடி டிரம்ஸ் தனியாக ஒலிக்கிறது. வாசித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டு. பிற்பாடு, பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவி வந்ததும் அந்த எட்டு ஆவர்த்தம் எண்ணற்ற ராப் பாட்டுகளுக்கு அடித்தளமானது. பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் ஸ்டபில்ஃபீல்டின் பெயர் இல்லாததால் அந்தப் பாட்டுகளின் ராயல்டியில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் இது.

உங்கள் மகன் விஷயம். டர்ன்டேபிள் பெல்ட்டில் ஓடுகிறதா, மோட்டார் நேராகவே சுழற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பெல்ட் என்றால் பின்னுக்கு இழுக்க இழுக்க வழுக்கும், நாளடைவில் தொய்ந்து வேகம் நிலைக்காது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை நேரடி மோட்டார் கொண்டது. அதனால்தான் டிஜேக்கள் அதை விடுவதில்லை. ஊசி நுனி நீள்வட்டமாக இருந்தால் பின்னோக்கி ஓடும்போது பள்ளத்தை அரிக்கும், உருண்டை நுனி வாங்கச் சொல்லுங்கள். ஊசி துள்ளினால் காசை வைத்துப் பாரம் ஏற்றக்கூடாது. பாரம் 3 அல்லது 4 கிராமுக்குள் நிற்கட்டும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் திரும்பத் திரும்பத் தொடங்கும் இடம் தேய்ந்து 'ஸ்ஸ்' என்று இரையும். அது மறுபடி சரியாகாது. அப்பாவின் தட்டுகளை உடனே உள்ளே எடுத்துவைத்துவிட்டு, மலிவான ஏதாவதொரு தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கிக் கொடுங்கள்.