சொந்தக் கையால் ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பு: கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் காரைத் தாமே கழற்றி மாட்டிப் பழகும் உரிமையாளர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவை என் கைக்குப் பழகியவை. மின்சாரமும் மென்பொருளும் அப்படியல்ல, ஆகவே அவற்றைக் கேட்பவர்களுக்கு வேறு வாசலைத்தான் காட்டுவேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஜாக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே, தூக்கிய காரைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

கேள்வி: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் இருக்கைகளுக்குப் பின்னால் தரைவிரிப்பு நனைந்திருக்கிறது. கூரைத் துணியில் கிழிசல் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: கூரையைச் சந்தேகிப்பதற்கு முன் வடிகாலைப் பாருங்கள். துணிக்கூரையின் பின்பகுதியில் வழியும் நீர் அதன் அடியிலுள்ள பள்ளத்தில் சேர்ந்து, இருபுறமும் இருக்கைப் பட்டை பொருத்தப்பட்டிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடிப்பக்கமாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் நிரம்பி வழிந்து உள்ளே வருகிறது. நனைந்த விரிப்பைக் காய வைத்துவிடலாம். ஆனால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற உலோகப் பகுதிக்குள் தேங்கும் நீர் அதை உள்ளிருந்தே துருவேற்றித் தின்றுவிடுகிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே இற்றுப்போயிருக்கும். இந்தக் கார் அதிகம் கெடுவது பின்சக்கரத்தை ஒட்டிய அந்த இடத்தில்தான்.

சோதிப்பது எளிது. ஒரு தம்ளர் நீரைத் துளைக்குள் மெல்ல ஊற்றிவிட்டு, காரின் அடியில் எவ்வளவு வேகமாக அது வெளிவருகிறது என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அடைப்பை எடுக்க, புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றப்படும் தடித்த நைலான் இழையைப் பயன்படுத்துங்கள். இரும்புக் கம்பியைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும். மேலிருந்து காற்றழுத்தம் கொடுத்தாலோ குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடக்கூடும், பிறகு நீர் முழுவதும் உங்கள் காருக்குள்தான் விழும். எனக்கு முதல்முறை கிடைத்தது ஒரு கைப்பிடி அளவு கறுத்த சேறும், அதில் முளைவிட்டிருந்த ஒரு விதையும்.

கேள்வி: பிரேக் ஆயிலில் டாட் 4 என்று எழுதியிருக்கிறது. எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்பதால் டாட் 5 ஊற்றலாமா? எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: ஊற்றக் கூடாது. டாட் 3, 4, 5.1 ஆகிய மூன்றும் கிளைகால் குடும்பத்தைச் சேர்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிக்கானால் ஆனது, மற்றவற்றோடு கலக்காது. எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர்.

கிளைகால் வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, அதிலேயே 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்குகிறது. டாட் 5.1-க்கு இவை 260, 180. மலைப்பாதையில் விரைவாக இறங்கும்போதோ பந்தயத் தடத்தில் ஓட்டும்போதோ பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆகவே மிதி தரையைத் தொட்டாலும் பேட் டிஸ்க்கைக் கவ்வாது. சிலிக்கான் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மையே. ஆனால் அதனாலேயே உள்ளே நுழைந்த நீர் தனித்துளியாகக் கேலிப்பரின் அடியில் தங்கித் துருவேற்றும். காற்றுக் குமிழிகளையும் எளிதில் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு அது ஆகாது. சாலையில் மட்டும் ஓட்டுபவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தடத்தில் ஓட்டுபவர் அதற்கென்றே ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஆயில் மாற்ற இரண்டு நிமிடம்தான் அடியில் படுக்கப்போகிறேன். ஜாக் மட்டும் போதுமா?

பதில்: போதாது.

கேள்வி: என் கார் டர்போ இல்லாதது. திறந்த வகை ஏர் ஃபில்டர் மாட்டினால் குதிரைத்திறன் எவ்வளவு கூடும்?

பதில்: ஓசை கூடும். பானெட்டுக்குள் திறந்து வைத்த ஃபில்டர் இன்ஜின் சூட்டில் கொதிக்கும் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. காற்றின் வெப்பம் 10 பாகை ஏறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. தயாரிப்பாளர் மெனக்கெட்டு முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இழப்பைப் பொருத்துகிறோம். ஆயில் தடவும் பருத்தி ஃபில்டராக இருந்தால், அளவுக்கு மீறிப் பூசிய ஆயில் காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்து அதன் கணக்கையும் கெடுக்கும். வேகம் வேண்டுமென்றால் நல்ல டயரும் நல்ல பேடும் வாங்குங்கள்.

கேள்வி: சக்கர நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. மரையில் காப்பர் கிரீஸ் தடவலாமா?

பதில்: கையேடு தடவச் சொல்லாதவரை தடவாதீர்கள். குறித்த முறுக்கு வந்ததும் 'க்ளிக்' என்னும் டார்க் ரெஞ்சை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு வைத்தாலும், அந்த முறுக்கில் ஏறத்தாழ 50 சதவீதம் நட்டின் முகம் உரசும் இடத்திலும் 40 சதவீதம் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் மரையிட்ட தண்டை, இழுத்துச் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் அமரும் மையப்பகுதி) கவ்வ வைப்பது மீதமுள்ள 10 சதவீதம் மட்டுமே. கையேட்டில் இருக்கும் எண் உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டது. கம்பித் தூரிகையால் மரையைத் துடையுங்கள், உலர விடுங்கள், மாட்டுங்கள். ஹப்பின் நடுவளையத்தில், ரிம் வந்து அமரும் விளிம்பில் மட்டும், விரல் நுனியளவு கிரீஸ் வைக்கலாம். சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொள்வதை அது தடுக்கும்.

கேள்வி: 25 ஆண்டுகளாகக் கிரீஸ் தடவியே மாட்டுகிறேன். ஒரு சக்கரமும் கழன்றதில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: கழன்றுவிடும் என்று நான் சொல்லவே இல்லை. கிரீஸ் தடவிய நட்டில் ஏற்படும் கேடு அதற்கு நேர் எதிரானது: ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடுகிறது. மேலே சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 100 பங்கு முறுக்கில் 90 உராய்வு, 10 இழுப்பு. கிரீஸால் உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்து 60 ஆனால், அதே இழுப்பை அடைய 70 பங்கு முறுக்கே போதும். நீங்களோ 100 கொடுக்கிறீர்கள், ஆகவே இழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. எஃகு ஓரளவு நீண்டு மீளும், அந்த எல்லையைத் தாண்டினால் நீண்டபடியே நின்றுவிடும். 25 ஆண்டுகள் தாங்கியது என்றால் உங்கள் ஸ்டட்டைச் செய்தவர் தாராளமாகக் கணக்கிட்டுச் செய்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போர்ஷே தன் கார்களின் சக்கர போல்ட்டுகளில் மசகுப் பசை தடவச் சொல்கிறது. அப்படியானால் போர்ஷேக்கு இயற்பியல் தெரியாதா?

பதில்: நல்ல கேள்வி, இதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். போர்ஷே சொல்வது உண்மை. அலுமினியம் கலந்த ஒரு குறிப்பிட்ட பசையை மரையிலும், போல்ட்டின் தலைக்கும் அதனடியில் தனியாகச் சுழலும் வளையத்துக்கும் இடையிலும் மெல்லிய படலமாகப் பூசச் சொல்கிறது. அந்த வளையம் ரிம்மில் அமரும் வளைந்த முகத்தில் மட்டும் பூசக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. அதன் முறுக்கு எண் பசை பூசிய போல்ட்டை வைத்தே வகுக்கப்பட்டது. ஆகவே போர்ஷேக்காரர் பூசாமல் மாட்டினால் இழுப்பு குறைந்துபோகும். மற்றவர் பூசி மாட்டினால் கூடிப்போகும். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். நான் எதிர்ப்பது பசையை அல்ல, ஒரு காரின் எண்ணை இன்னொரு காரின் பழக்கத்தோடு கலப்பதை. போர்ஷே 911-இன் 991 வரிசை ஜிடி3-இல் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒற்றை நட்டுதான் பிடிக்கிறது, அதன் முறுக்கு 600 நியூட்டன் மீட்டர். அங்கே பசையை மறந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: இம்பாக்ட் கன்னில் இறுக்கிவிட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து 'க்ளிக்' கேட்டால் போதாதா?

பதில்: அந்த ஓசை எதையும் நிரூபிக்கவில்லை. கன் ஏற்கெனவே 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியிருந்தாலும், 120-க்கு வைத்த ரெஞ்ச் அதே 'க்ளிக்'கைத்தான் சொல்லும். கழற்றுவதற்குக் கன், மாட்டுவதற்குக் கை.

கேள்வி: காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கை, அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரோடு சேர்த்து வாங்குங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வீட்டில் சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டுபவர்களில் பெரும்பாலோர் தவறுவது இதில்தான். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. அதன் நடுவிலுள்ள உலோகக் குழலை போல்ட் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கீழ்க்கை ஏறி இறங்கும்போது ரப்பர்தான் இரு பக்கமும் திருகிக் கொடுக்கிறது. கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அந்த போல்ட்டை இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியவுடனேயே ரப்பர் பாதி முறுகிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பள்ளமும் முறுக்கின் மேல் முறுக்கு. சில மாதங்களில் ரப்பர் கிழியும், காரும் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தே நிற்கும். போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டுவிட்டு, ஸ்டாண்டுகள் காரைத் தாங்கும்போதே, கீழ்க்கையின் அடியில் ஜாக் வைத்துச் சக்கரம் ஓட்டத்தில் நிற்கும் உயரத்துக்கு அதை ஏற்றி, பிறகு இறுக்குங்கள். அலைன்மென்ட் அதன் பிறகு.

கேள்வி: 2001-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் வாங்க எண்ணுகிறேன். ஐஎம்எஸ் பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. 1997 முதல் 2008 வரையிலான மாடல்களில் பாக்ஸ்டரிலும், சாதாரண 911-களிலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் இடைத்தண்டு ஒன்று உண்டு, அதுதான் ஐஎம்எஸ். அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் மூடி முத்திரையிடப்பட்டது. நாளடைவில் இன்ஜின் ஆயில் அதன் முத்திரையைத் தாண்டி உள்ளே கசிந்து, உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிடுகிறது. பேரிங் சிதைந்தால் வால்வுகள் திறந்து மூடும் நேரம் தவறி இன்ஜினே போய்விடும். அதே காலத்து டர்போவிலும் ஜிடி3-இலும் வேறு இன்ஜின் என்பதால் இந்தக் கவலை இல்லை. உங்கள் ஆண்டுக் காரில் கியர்பாக்ஸை இறக்கினால் பேரிங் கைக்கு எட்டும், ஆகவே கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றுவது வழக்கம். 2006 முதல் 2008 வரையிலான மாடல்களில் பேரிங் பெரியது, தோல்வியும் குறைவு. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

வாங்குவதற்கு முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, நல்ல வெளிச்சத்தில், ஒரு காந்தத்தோடு பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்புத் துகள் இருந்தால் அந்தக் காரை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். அனுமதி மறுத்தாலும் அதேதான்.

கேள்வி: என் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆயில் குடிக்கிறது. இன்ஜின் தேய்ந்துவிட்டதா?

பதில்: ரோட்டரி இன்ஜின் ஆயில் குடிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது, சுழலியின் முனைச் சீல்களுக்கு மசகாக அறைக்குள்ளேயே ஆயிலைச் செலுத்துகிறது. இருமுறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, காரை ஓரடி நகர்த்திவிட்டு உடனே அணைக்காதீர்கள், பெட்ரோலில் நனைந்து மறுமுறை கிளம்ப மறுக்கும்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் எத்தனை குதிரைத்திறன்?

பதில்: மேலே உள்ளது.

கேள்வி: டாட் 5-ஐயும் டாட் 4-ஐயும் பாதிப்பாதி கலந்தால்?

பதில்: அதுவும் மேலே உள்ளது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கைக் கழற்றிப் பந்தய ஸ்டியரிங் மாட்ட வழி சொல்லுங்கள். இன்னொரு கார் ஹைபிரிட். அதன் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடலாமா?

பதில்: முன்னது வெடிபொருள், பின்னது உயர் மின்னழுத்தம். இரண்டுக்கும் பயிற்சி பெற்றவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஆண்டில் நான்கு மாதம் காரை நிறுத்தி வைக்கிறேன். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லதுதானே?

பதில்: கெடுதல். ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடேறாது. எரிப்பில் பிறக்கும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் குளிர்ந்து நீராகத் தங்கும். கிளப்பச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. புதிய ஆயில் மாற்றி, பெட்ரோல் டேங்கை நிரப்பி, டயரில் சற்றுக் கூடுதல் காற்று வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் போட்டுவிடுங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைவாக இருக்கிறது.

கேள்வி: நான்தான், 25 ஆண்டுக்காரன். வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு சக்கரத்தைக் கழற்றி மரைகளைத் துடைத்தேன். ஐந்து ஸ்டட்டில் ஒன்றில் நட்டு விரலால் பாதி தூரம்தான் ஏறுகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது. மரையை மீண்டும் வெட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. வெட்டாதீர்கள். புதிய நட்டு ஒன்றை அதே ஸ்டட்டில் விரலால் ஏற்றிப் பாருங்கள். அதுவும் அதே இடத்தில் நின்றால் கோளாறு நட்டில் இல்லை, ஸ்டட்டின் மரை இடைவெளியே மாறிவிட்டது. அந்த இடத்தில் ஸ்டட் நீண்டுவிட்டது. நீண்ட எஃகு திரும்பி வராது. அந்தச் சக்கரத்தின் ஐந்து ஸ்டட்டையும் நட்டுகளோடு மாற்றுங்கள், ஏனெனில் மற்ற நான்கும் அதே கிரீஸில் அதே முறுக்கை வாங்கியவை. மீதி மூன்று சக்கரங்களையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். மாட்டும்போது முதல் சில மரைகளை விரலாலேயே ஏற்றி, எதிரெதிர் வரிசையில் இரண்டு கட்டமாக இறுக்கி, கடைசி முறுக்கைக் கார் தரையில் நிற்கும்போது கொடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறியதும், ரெஞ்சை மீண்டும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எந்த நட்டாவது 'க்ளிக்' என்பதற்கு முன் நகர்ந்தால், எத்தனையாவது நட்டு என்பதை எனக்கு எழுதுங்கள்.