பரணில் கிடக்கும் சீர்ப் பாத்திரங்கள்

கேள்வி: என் மூத்த மருமகள் மூன்று வருடத்துக்கு முன்பு காய்ச்சலில் தவறிவிட்டாள். ஆறு வயதில் ஒரு பேத்தி. அவளுக்காகவே மகனுக்கு மறுகல்யாணம் செய்துவைத்தோம். வந்தவள் கெட்டவள் இல்லை, ஆனால் எதிலும் ஒட்டுவதில்லை. மூத்தவள் மாதிரி அரிசிம்பருப்பு சாதம் வை என்று நல்லதுக்குச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூத்தவள் பெயர் வெட்டிய பாத்திரமே வீடு நிறைய இருக்கிறதென்று இவள் கொண்டுவந்த சீரைக் கட்டுப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிட்டோம். அவ்வளவு இருந்தும் பிறந்த வீட்டு டம்ளரில்தான் காபி குடிக்கிறாள். இந்த வீம்பை எப்படி மாற்றுவது?
– வாசகி, அவிநாசி

பதில்: அம்மா, 'வந்தவள் ஒட்டவில்லை' என்று எனக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. நாளானால் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். சரியாகாமலேயே முப்பது வருஷம் ஓடிய வீடுகளை எனக்குத் தெரியும்.

பரணில் ஏற்றிவிட்டோம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

உங்கள் மருமகளின் ஒரு காலைப்பொழுதை யோசித்துப் பாருங்கள். பால் காய்ச்ச எடுக்கிற குண்டாவில் மூத்தவள் பெயர். மாவு எடுக்கிற தூக்கில் அவள் பெயர், கல்யாணத் தேதியோடு. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் அதிலும் அவள் பெயர், பக்கத்திலேயே இவள் புருஷனின் பெயர். பெயர் வெட்டிய இடம் தேய்க்கும்போது விரலில் தட்டும். என் அம்மாவின் சொம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, உளியால் புள்ளி புள்ளியாக 1968 என்று கொத்தியது. சபீனா போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புள்ளியெல்லாம் மழுங்கிப்போய்விட்டது, இருந்தும் விரல் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது. எனக்கு அது என் அம்மா. உங்கள் மருமகள் விரலில் மூன்று வேளையும் தட்டுவது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் அந்த ஒற்றை டம்ளர் உங்களுக்கு வீம்பாகத் தெரிகிறது. அந்த வீட்டில் அவளுடையது என்று அவள் கையில் எடுக்கக்கூடியது அது ஒன்றுதான் அம்மா. அதையும் பிடுங்க வழி கேட்கிறீர்கள்.

பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். பாத்திரம் என்ன விலை விற்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீர் கேட்டு வாங்குவதே எனக்குப் பிடிக்காத விஷயம், அது வேறு. ஆனால் இரண்டாம் தாரமாகக் கொடுத்தாலும் என் பெண் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு தகப்பன் பார்த்துப் பார்த்து வாங்கியதைக் கயிறுகூட அவிழ்க்காமல் ஏற்றியிருக்கிறீர்களே, அவர் ஒருநாள் வந்து அடுக்களையை எட்டிப் பார்த்தால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, கணவன் வீட்டாருக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. மூத்தவளின் பாத்திரங்களோ, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் பிள்ளைக்கும் கணவனுக்கும் போக வேண்டியவை. உங்கள் பேத்தியின் பொருளைப் புழங்கித் தேய்த்துக்கொண்டு, மருமகளின் பொருளை முடக்கி வைத்திருக்கிறீர்கள். இரண்டும் தப்பு.

அரிசிம்பருப்பு சாதத்துக்கு வருகிறேன். மூத்தவள் வந்த புதிதில் யார் மாதிரி வைக்கச் சொன்னீர்கள்? உங்களை மாதிரி என்றுதானே? அப்போது நீங்கள் அடுப்பு பக்கத்திலேயே நின்றீர்கள், தண்ணீர் எவ்வளவு, பூண்டு எத்தனை பல் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. இவள் யாரைப் போய்க் கேட்பாள்? மூத்தவள் குழையவிட்ட நாளும் இருந்திருக்கும், உப்புக் கூடிப்போன நாளும் இருந்திருக்கும், இந்த மூன்று வருஷத்தில் அதெல்லாம் உங்களுக்கு மறந்துபோயிருக்கும். இனிமேல் அந்த 'மாதிரி' என்ற வார்த்தையே உங்கள் வாயில் வரக்கூடாது. வேண்டுமானால் எனக்கு இப்படி வைத்துக் கொடு என்று உங்கள் பெயரில் கேளுங்கள்.

மூத்தவளை மறந்துவிடச் சொல்லவில்லை. படத்துக்குப் பூ வையுங்கள், வருஷத் திதியை விடாதீர்கள், பள்ளி லீவு விட்டால் பேத்தியை அம்மாயி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தப் பெரியவர்களுக்கு இனி அந்தக் குழந்தைதான். இதெல்லாம் நீங்களும் உங்கள் மகனும் செய்ய வேண்டிய கடமை. அதைச் செய்யாமல் நினைவை முழுக்க அடுக்களையில் கொட்டி வைத்துவிட்டு, புதிதாக வந்த பெண் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றால் எப்படி?

இந்த ஞாயிற்றுக்கிழமையே மகனை ஏணி போட்டு மூட்டையை இறக்கச் சொல்லுங்கள். கயிற்றை மருமகள் அவிழ்க்கட்டும். எது எந்த அலமாரியில் என்று அவளே அடுக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுங்கள். மாவுத் தூக்கு அடுப்புக்குத் தூரமாகப் போனாலும் சரி. அப்புறம் மூத்தவளின் பாத்திரங்களை ஈரம் போகத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி அந்த இடத்தில் ஏற்றுங்கள். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சுற்றுங்கள். அம்மா பாத்திரத்தை ஏன் எடுத்து வைக்கிறோம் என்று அவள் கேட்பாள். உனக்குத்தான் கண்ணு என்று சொல்லுங்கள்.