லீவுல ஊருக்குப் போனா தெரபில கத்துக்கிட்டதெல்லாம் போயிடுமா?

மே மாசம் ஃபுல்லா ஊர்ல இருப்போம், தெரபி கிடையாது, ஆட்டிசம் இருக்குற பையன் கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடுவானோன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கும் இதே பயம்தாங்க. என் பையனுக்கு அப்போ அஞ்சு வயசு, பேச்சு வரல, வேணுங்கிற பொருளோட படக் கார்டை எடுத்து நம்ம கையில வச்சு கேக்குற பெக்ஸ் முறைலதான் பழகிட்டு இருந்தான்.

சென்டர்ல செய்யுற எல்லாத்தையும் ஊருக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி தெரபிஸ்ட்கிட்ட உக்காந்து, எதை விட்டா சீக்கிரம் போயிடும்னு கேட்டு ரெண்டே ரெண்டு எடுத்துக்கங்க. நாங்க எடுத்தது கேட்டு வாங்குறது, பாத்ரூம் போறது. கலர், ஷேப் எல்லாம் விட்டுட்டோம், அது திரும்ப வந்துடும், ஆனா கேட்டு வாங்குறது போச்சுன்னா அந்த இடத்துக்குக் கத்தல் வந்துடும்.

ஊர்ல மொத ரெண்டு நாள் அவன் கேக்கவே இல்ல, ஏன்னா கேக்குறதுக்கு முன்னாடியே ஆளாளுக்கு எடுத்துக் குடுத்துட்டாங்க, எல்லாம் பாசம்தான். மூணாவது நாள் மாமியார்கிட்ட முறுக்கு டப்பாவக் குடுத்து, அத்தை முழுசா குடுக்காதீங்க, சின்னச் சின்னதா ஒடச்சு வச்சுக்கங்க, அவன் கார்டை உங்க கையில வச்ச உடனே ஒரு துண்டு, வைக்கலன்னா கையை விரிச்சு சும்மா காத்திருங்கன்னு சொன்னேன். ஒரே முறுக்குக்குப் பன்னெண்டு தடவை கேட்டான்! சென்டர்ல மிஸ்கிட்ட மட்டும் கேட்டுட்டு இருந்த புள்ள, லீவு முடியுறப்ப சித்தப்பாகிட்டயும் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்டயும் கார்டை நீட்டினான், அது சென்டர் ரூம்ல நடக்காத விஷயம்.

போன் விஷயத்துல மட்டும் வீட்ல எல்லாரும் ஒரே பேச்சா இருங்க. நீங்க இல்லன்னு சொல்லி, பத்து நிமிஷம் அழுததும் தாத்தா குடுத்துட்டா, பத்து நிமிஷம் அழுதா கிடைக்கும்னு புரிஞ்சுக்குவான். எப்பவாவது ஒரு தடவை பலிக்கிற பழக்கம்தான் லேசுல போகாது, இது பழக்கங்கள் எப்படி உருவாகுதுன்னு ஆராய்ச்சி பண்ண ஸ்கின்னர்ங்கிற உளவியலாளர் காலத்துலயே பாத்தது. தாங்க முடியாதுன்னு தோணுச்சுன்னா அழ ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. மத்ததுக்கு, முதல்ல எது, அப்புறம் எதுன்னு காட்டுற ரெண்டு படம் போதும், முதல்ல இட்லி சாப்பிடுறது, அப்புறம் பம்புசெட் குளியல்னு.

திரும்பி வந்த மொத வாரம் சென்டர்ல உக்காராம அடம்பிடிக்கலாம், பயந்துடாதீங்க, அந்த வாரம் அவனுக்கு நல்லா தெரிஞ்சதையே செய்ய வைக்கச் சொல்லுங்க.

அப்புறம் கார்டு ரெண்டு செட் லேமினேட் பண்ணிக்கங்க. திண்டிவனம் தாண்டி தண்ணி கார்டு பஸ் சீட்டுக்கடியில எங்கயோ விழுந்துடுச்சு, என்ன வேணும்னு எங்களுக்குப் புரியாம, அவனுக்குக் கேக்கவும் வழியில்லாம, விழுப்புரம் வர வரைக்கும் அழுதுட்டே வந்தான். இப்ப ஒரு செட் எப்பவும் என் ஹேண்ட்பேக்ல இருக்கு.